ஆப்பிரிக்க-இலத்தீனிய அமெரிக்கர் எழுத்துகளில் அடையாளமும் சார்புணர்வும்: ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

அமெரிக்கக் கறுப்பின இலக்கியம் 1990களில் எழுந்த தலித் இலக்கிய விவாதங்களின்வழித் தமிழ் வாசகர்க்கு ஓரளவு அறிமுகமாயிற்று. இலத்தீன் அமெரிக்க இலக்கியமோ கார்சியா மார்க்வெஸ் முதலியோரின் மொழிபெயர்ப்புகள்வழி வேறொரு வாயிலாக நம்மிடம் வந்து சேர்ந்தது. இவ்விரண்டையும் நாம் தனித்தனி அடுக்குகளில் வைத்துப் பழகிவிட்டோம். இரண்டு அடுக்குகளுக்கும் ஒருசேர உரியவர்களான ஆப்பிரிக்க-இலத்தீனிய அமெரிக்கரின் எழுத்துகள் இதனாலேயே நம் கவனத்திலிருந்து நழுவியுள்ளன எனலாம்.

இவ்வெழுத்துகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஓர் உருவகத்தைக் கையாள்கின்றனர். கறுப்பின உலகிற்கும் இலத்தீனிய உலகிற்கும் ‘நடுவில்’ நின்று தத்தளிப்போர் என்பதே அவ்வுருவகம். ‘அடையாளச் சிக்கல்’ என்னும் தொடரும் இதனோடு இணைந்தே வருகின்றது. பரிவோடு சொல்லப்படுவதாயினும், இக்கருத்து சிக்கலை அம்மனிதரின் மனத்திற்குள் கொண்டுபோய் வைத்துவிடுகின்றது. ஆர்துரோ ஷோம்பர்க், ஹேசூஸ் கொலோன், பீரி தாமஸ், எலிசபெத் அசெவேடோ ஆகிய நால்வரின் வாழ்வையும் எழுத்தையும் கொண்டு இக்கருத்தை மறுஆய்வு செய்ய இக்கட்டுரை முற்படுகின்றது. இவர்கள் இரண்டிற்கும் நடுவில் நிற்பவரல்லர். இரண்டிலும் முழுமையாக நிற்பவர்கள். சிக்கல் அவர்களை வகைப்படுத்தும் பார்வையில் உள்ளதேயன்றி அவர்களிடத்தில் இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சொல்லும் வரலாறும்

இலத்தீன் அமெரிக்க நாடுகளையும் ஸ்பானிய மொழி வழங்கும் கரிபியத் தீவுகளையும் பூர்வீகமாகக் கொண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழ்வோரை இங்கு ‘இலத்தீனியர்’ எனக் குறிப்பிடுகின்றோம். அவர்களுள் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களாக விளங்குவோரே ஆப்பிரிக்க-இலத்தீனியர் ஆவர்.

இத்தகையோர் அரிதான கலப்பினர் என்னும் எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் உயிரோடு கரையிறங்கிய ஆப்பிரிக்கர் ஏறக்குறைய 1 கோடியே 7 இலட்சம் பேர் என ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் வட அமெரிக்க நிலப்பகுதிக்கு நேரே கொண்டுவரப்பட்டோர் 4 இலட்சத்திற்கும் குறைவானவர்களே. பிரேசிலில் மட்டும் 48 இலட்சம் பேர் இறக்கப்பட்டனர். எஞ்சியோருள் மிகப்பெரும்பாலோர் கரிபியத் தீவுகளுக்கும் ஸ்பானிய ஆட்சிப் பகுதிகளுக்கும் சென்றனர். அடிமை முறை போர்ட்டோ ரிக்கோவில் 1873இலும் கியூபாவில் 1886இலும் ஒழிக்கப்பட்டது. ‘அமெரிக்கக் கறுப்பினத்தவர்’ என்றவுடன் ஆங்கிலம் பேசும் ஒருவரையே நாம் நினைப்பதற்குப் பிற்கால அரசியல் வலிமை காரணமேயன்றி மக்கள்தொகை காரணமன்று.

நிறத்தைப் பகுக்கும் முறையும் இரு நிலங்களில் இரு வேறாக அமைந்தது. ஒரு துளி ஆப்பிரிக்கக் குருதி இருப்பினும் ஒருவர் வெள்ளையர் அல்லர் என்னும் கொள்கையை வர்ஜீனியா மாநிலத்தின் 1924ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்திலேயே வரையறுத்தது. கரிபிய ஸ்பானிய வழக்கிலோ ‘கோதுமை நிறத்தவர்’ என்னும் பொருள்படும் ‘த்ரிகேஞோ’ முதலாகப் பல படிநிலைச் சொற்கள் உண்டு. டொமினிக்கன் குடியரசில் கறுப்பு என்னும் சொல்லைத் தவிர்க்க ‘இந்தியோ’ என்பதும் வழங்குகின்றது. படிநிலைகள் பலவாக இருப்பதால் அங்கு நிறப்பாகுபாடு இல்லை என்று கொள்வது பிழையாகும். வெண்மையை நோக்கிய ஏணியில் படிகள் மிகுதி, அவ்வளவே. இரண்டே பெட்டிகள் உள்ள நிலத்திற்கு இந்தப் பல படி ஏணியைச் சுமந்து வந்தவர்களின் அனுபவமே நாம் காணவிருக்கும் எழுத்துகளின் அடித்தளம்.

தமிழாசிரியர் இங்கு ஒரு சொற்சிக்கலையும் எதிர்கொள்ள வேண்டியுள்ளது. அமெரிக்க அரசு நிறத்தையும் மரபுவழியையும் தனித்தனி வினாக்களாக நெடுங்காலம் கேட்டு வந்தது. நாமோ இரண்டையும் ‘இனம்’ என்னும் ஒரே சொல்லால் பெயர்க்கின்றோம். ஆதலின் இக்கட்டுரை அவற்றை ‘நிறவழி இனம்’ எனவும் ‘மரபுவழி இனம்’ எனவும் பிரித்தே வழங்குகின்றது.

ஷோம்பர்க்: இரு பெயர், ஒரு பணி

ஆர்துரோ அல்ஃபோன்சோ ஷோம்பர்க் 1874இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து 1891இல் நியூயார்க் வந்தவர். தொடக்கத்தில் கியூபா, போர்ட்டோ ரிக்கோ ஆகியவற்றின் விடுதலைக்காக உழைத்த சங்கத்தில் பங்குகொண்டார். 1898இல் போர்ட்டோ ரிக்கோ ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியது. அதன்பின் அவருடைய பணி கறுப்பின வரலாற்றை நோக்கித் திரும்பியது. 1911இல் நீக்ரோ வரலாற்று ஆய்வுக் கழகத்தின் நிறுவனர்களுள் ஒருவரானார். அவர் திரட்டிய நூல்களும் கையெழுத்துப் படிகளும் அடங்கிய தொகுப்பு 1926இல் 10,000 டாலருக்கு நியூயார்க் பொது நூலகத்திற்காக வாங்கப்பட்டது. ஹார்லம் பகுதியில் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஆய்வு மையத்திற்கு அத்தொகுப்பே வித்தாகும்.

‘ஆர்தர்’ என ஆங்கிலமாக்கிக் கையொப்பமிட்ட இவர், போர்ட்டோ ரிக்கராக இருந்து கறுப்பினத்தவராக ‘மாறிவிட்டார்’ என்று கூறுவதுண்டு. இக்கூற்று நடுவில் நிற்றல் என்னும் உருவகத்தின் மற்றொரு வடிவமே. ஒரு கரையை விட்டால்தான் மறுகரையை அடைய முடியும் என்பது இதன் உட்கிடை. ஆனால் அவருடைய ஆய்வுப்பணி இதற்குச் சான்று பகரவில்லை. 1926இல் அவர் ஸ்பெயினுக்குச் சென்று செவில் நகரின் ஆவணக் காப்பகம் முதலிய இடங்களில் தேடியவை ஸ்பானிய உலகின் கறுப்பினத்தவர் பற்றிய செய்திகளே. ஓவியர் வெலாஸ்கெஸிடம் அடிமையாக இருந்து தாமும் ஓவியரான ஹுவான் தே பரேகாவைப் பற்றி அவர் எழுதினார். கறுப்பின வரலாறு ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்டதன்று என்பதை அவர் அறிந்திருந்தார். அதை அறியத் துணைநின்றது அவருடைய ஸ்பானிய மொழியே. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றியிருந்தால் அத்தேடல் நிகழ்ந்திராது.

கொலோன்: படிக்கட்டில் ஒரு தயக்கம்

1901இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, இளமையிலேயே நியூயார்க் வந்து, தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டவர் ஹேசூஸ் கொலோன். 1961இல் வெளிவந்த அவருடைய ‘நியூயார்க்கில் ஒரு போர்ட்டோ ரிக்கர்’ தொகுப்பில், ‘சிறியனவும் பெரியனவே’ எனப் பெயர்க்கத்தக்க தலைப்பில் ஒரு சித்திரம் உண்டு. ஒரு பாடவேளைக்குள் படித்து விவாதிக்கத்தக்க அளவில் சுருக்கமானது அது.

நள்ளிரவு நேரம். நிலத்தடித் தொடர்வண்டியில் வெள்ளையினப் பெண்ணொருத்தி ஒரு கையில் கைக்குழந்தையும் மறுகையில் பெட்டியுமாக, வேறு இரு சிறுபிள்ளைகளோடு பயணம் செய்கிறாள். புரூக்ளினில் அவள் இறங்குமிடத்தில் கொலோனும் இறங்குகிறார். நீண்ட படிக்கட்டு முன்னே நிற்கிறது. உதவ வேண்டும் என அவர் வளர்ந்த முறை சொல்கிறது. ஆளரவமற்ற இடத்தில் கறுப்பர் ஒருவர் நெருங்கினால் அவள் அலறக்கூடும் என்னும் எண்ணம் அவரைத் தடுக்கிறது. அவளைக் காணாதவர்போல் கடந்து, விரைந்து படியேறி வெளியேறிவிடுகிறார். இனி அத்தகைய நிலை வாய்த்தால் எது நேரினும் உதவுவது எனப் பின்னர் உறுதி பூணுகிறார்.

இச்சித்திரத்தை இரு அடையாளங்களின் மோதலாக வாசிப்பது எளிது. உதவத் தூண்டியது போர்ட்டோ ரிக்கப் பண்பு. தடுத்தது கறுப்பு நிறம் என்று கூறிவிடலாம். கூர்ந்து நோக்கின் இது பொருந்தாது. அவரைத் தடுத்தது அவருடைய கறுப்பு நிறம் அன்று. அந்நிறத்தைப் பற்றி அப்பெண் என்ன எண்ணுவாள் என்னும் ஊகமே. அவளோ ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுக்கு அப்படியொரு அச்சம் இருந்ததா என்பதும் நமக்குத் தெரியாது. சமூகம் முன்கூட்டியே எழுதிவைத்த தீர்ப்பை இவர் தம்மீது தாமே நிறைவேற்றிக்கொள்கிறார். கறுப்பினத்தவர் என்ற நிலையும் போர்ட்டோ ரிக்கர் என்ற நிலையும் அவரிடத்தில் இயல்பாகவே இணைந்துள்ளன. பிளவு, பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையே உள்ளது. இழப்பு மூவகையில் நேர்வதும் கருதத்தக்கது: அப்பெண் உதவியை இழந்தாள், பிள்ளைகள் ஒரு நல்ல காட்சியை இழந்தனர், அவர் தம் பண்பின்படி நடக்கும் உரிமையை இழந்தார். சார்புணர்வு என்பது ஒருவரை ஓர் ஊர் ஏற்றுக்கொள்வது மட்டுமன்று. அவ்வூரில் தம் நற்பண்பை அஞ்சாமல் வெளிப்படுத்த இயல்வதும் அதுவே.

பீரி தாமஸ்: வீட்டிற்குள் தொடங்கும் எல்லைக்கோடு

பீரி தாமஸ் 1928இல் நியூயார்க்கில் பிறந்தவர். தாயார் போர்ட்டோ ரிக்கர், வெளிர்நிறத்தவர். தந்தையார் கருநிறத்தவர். உடன்பிறந்தோர் தாயின் நிறத்தைக் கொள்ள, மூத்தவரான பீரி தந்தையின் நிறத்தைக் கொண்டார். 1967இல் வெளியான ‘இக்கொடிய தெருக்களில்’ என்னும் அவருடைய தன்வரலாறு, ஹார்லம் வாழ்வு, போதைப்பழக்கம், கொள்ளை முயற்சி, ஏழாண்டுச் சிறைவாசம் ஆகியவற்றை ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றது. 1971இல் நியூயார்க் நகரின் ஒரு கல்வி வட்டாரம் தன் பள்ளி நூலகங்களில் இந்நூலுக்குத் தடை விதித்ததும், அவ்வழக்கை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் மறுத்ததும் குறிப்பிடத்தக்கன.

நூலின் ஒரு நிகழ்ச்சி நம் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவது. பீரியும் லூயி என்னும் நண்பனும் ஒரே விற்பனை வேலைக்கு விண்ணப்பிக்கின்றனர். இருவருமே போர்ட்டோ ரிக்கர். வெளிர்நிற லூயிக்கு வேலை கிடைக்கின்றது. பீரிக்குப் பின்னர்த் தெரிவிப்பதாக விடை கிடைக்கின்றது. மரபுவழி இனம் ஒன்றாக இருந்தும் முடிவு வேறுபடுகின்றது. இலத்தீனியர் என்னும் ஒற்றைப் பெயர் எதை மறைக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நூலின் உச்சம், எனினும், தெருவிலன்று, வீட்டில் நிகழ்கின்றது. தாம் கறுப்பினத்தவரே எனப் பீரி கூற, தம்பி ஹோசே அதைக் கடுமையாக மறுக்கிறான். சொற்போர் கைகலப்பாகின்றது. அதன்பின் தந்தையார் தம் மனத்தைத் திறக்கிறார். மக்கள் தம்மைக் கறுப்பராக நடத்துவதிலிருந்து தப்ப, ஆங்கிலம் பேசும்போது ஸ்பானிய ஒலிப்பை வேண்டுமென்றே மிகுத்துப் பேசி வந்ததை ஒப்புக்கொள்கிறார். தன் மொழியின் சாயலையே கேடயமாக்கிக்கொண்ட அம்மனிதரின் வாக்குமூலம் இந்நூலின் மிகத் துயரமான பகுதி எனலாம். மகனிடத்தில் அவர் காட்டிய கடுமைக்கும் இங்கேதான் விளக்கம் கிடைக்கின்றது. தாம் மறைக்க முயன்றதை மகனின் முகம் நாள்தோறும் வெளிப்படுத்தியது. தாயார் அன்போடு ‘நெக்ரீத்தோ’ என்றழைப்பதும் இத்தகையதே. செல்லப்பெயராகிய அதுவே, பல பிள்ளைகளுள் ஒருவனை மட்டும் நிறத்தால் பிரித்துக் காட்டுகின்றது. பல படி ஏணி வீட்டிற்குள்ளும் வந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

புரூ என்னும் கறுப்பின நண்பனோடு பீரி கப்பலில் வேலைக்குச் சேர்ந்து தென்மாநிலங்களைக் காண்கிறார். அங்கு ஜெரால்டு என்னும் வெளிர்நிறக் கல்விமானையும் சந்திக்கிறார். தம்மை எவ்வாறு அடையாளப்படுத்திக்கொள்வது என்பது தம் விருப்பத்தைப் பொறுத்தது என்பது ஜெரால்டின் வாதம். அவ்வுரிமை அவருடைய தோலின் நிறம் அளித்த சலுகை என்பதைப் புரூவின் சினம் உணர்த்துகின்றது. பின்னர் டெக்சஸ் துறைமுக நகர் ஒன்றில், ஆங்கிலம் அறியாத ஸ்பானிய மொழியினராக நடித்து வெள்ளையர்க்கே உரிய விடுதி ஒன்றினுள் பீரி நுழைய முடிகின்றது. தந்தையார் கையாண்ட அதே கேடயத்தை மகன் ஒருமுறை ஆயுதமாக்குகிறார்.

இந்நூலில் குறைகளும் உள. பெண்கள் பெரும்பாலும் ஆணின் சினத்திற்கும் ஆசைக்கும் களமாகவே அமைகின்றனர். கறுப்பினத்தவராய் இருத்தல் என்பதைச் சினமாகவும் வன்முறையாகவும் மட்டுமே இளம் பீரி கற்கிறார்; அதைக் கற்பித்த புரூ கதையின் இடையில் மறைந்துபோகிறான். ஆயினும் பீரி இறுதிவரை விடை தேடுவது ‘நான் யார்’ என்னும் வினாவிற்கன்று. கறுப்பினத்தவர், போர்ட்டோ ரிக்கர் ஆகிய இரண்டுமே தாம் என்பதை அவர் பாதி நூலிலேயே அறிந்துவிடுகிறார். அதை வீடும் நாடும் ஏன் ஏற்கவில்லை என்பதே அவர் வினா.

அசெவேடோவும் புதிய தலைமுறையும்

வினா எளிதில் மறைந்துவிடவில்லை. ஹுனோ தியாஸின் ‘ஆஸ்கார் வாவோவின் குறுகிய வியத்தகு வாழ்வு’ 2007இல் வெளிவந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அதன் நாயகனை வெள்ளை மாணவர் கறுப்பினத்தவனாகக் காண்கின்றனர்; ஏனைய நிறத்து மாணவரோ, அவன் பேச்சையும் நடையையும் கண்டு, அவன் டொமினிக்கனே அல்லன் என்கின்றனர். இங்கும் அவன் தன்னைப் பற்றி ஐயுறவில்லை, பிறரே ஐயுறுகின்றனர்.

எலிசபெத் அசெவேடோ டொமினிக்கப் பெற்றோரின் மகளாக நியூயார்க்கில் பிறந்தவர். தம்மை ஆப்பிரிக்க-இலத்தீனியர் என வெளிப்படையாக அழைத்துக்கொள்பவர். அவருடைய செய்யுள்வடிவ இளையோர் புதினமாகிய ‘கவிஞர் எக்ஸ்’ 2018இல் அமெரிக்கத் தேசிய நூல் விருதைப் பெற்றது. ஹார்லத்தில் வாழும் சியோமாரா என்னும் பதினைந்து அகவைப் பெண்ணின் கதை அது. தாயின் கண்டிப்பான கத்தோலிக்க நெறி, பருவமெய்தும் உடல், கவிதை ஆகியவையே அவளுடைய போராட்டக் களங்கள். தான் எந்த இனம் என்பது இப்புதினத்தின் மையச் சிக்கலே அன்று. அவளுடைய கறுப்பும் டொமினிக்க மரபும் விளக்கம் வேண்டாத தரையாக அமைய, அத்தரைமீது நின்று அவள் வேறு வினாக்களை எழுப்புகிறாள்.

சிலர் இதனை இன அரசியல் தணிந்துவிட்ட எழுத்து எனக் கருதக்கூடும். நாம் அதற்கு மாறாகக் கருதுகின்றோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பீரி தாமஸ் தம் இருப்பை மெய்ப்பிப்பதற்கே நூலின் பெரும்பகுதியைச் செலவிட நேர்ந்தது. மெய்ப்பிக்கும் சுமை நீங்கியபோது அதே ஹார்லத்தின் ஒரு பெண்ணுக்கு இறைநம்பிக்கையையும் தாயன்பையும் பற்றிச் சிந்திக்க இடம் கிடைக்கின்றது. சார்புணர்வு இலக்கியத்திற்கு அளிக்கும் கொடை இதுவே.

படிவமும் எண்ணிக்கையும்

இலக்கியம் காட்டும் இவ்வுண்மையைப் புள்ளிவிவரங்களும் மற்றொரு வகையில் மெய்ப்பிக்கின்றன. பியூ ஆய்வு மையம் 2014இல் நடத்திய கணக்கெடுப்பில் அமெரிக்க இலத்தீனிய வயதுவந்தோருள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தம்மை ஆப்பிரிக்க-இலத்தீனியர் என்றனர். ஆனால் அவர்களுள் தம் நிறவழி இனத்தைக் கறுப்பு எனக் குறித்தோர் 18 விழுக்காட்டினர் மட்டுமே. வெள்ளை எனக் குறித்தோர் 39 விழுக்காட்டினர். அதே மையத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலத்தீனிய வயதுவந்தோருள் 12 விழுக்காட்டினரே, அதாவது ஏறக்குறைய 60 இலட்சம் பேரே, ஆப்பிரிக்க-இலத்தீனியர் எனப்பட்டனர். ஆறு ஆண்டுகளில் மக்கள் பாதியாகக் குறையவில்லை. வினாவும் ஆய்வு முறையும் மாறின. ஆகவே விடையும் மாறிற்று.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இலத்தீனிய மரபு பற்றிய தனி வினா 1980 முதல் அனைவரிடமும் கேட்கப்பட்டது. 2024 மார்ச்சு மாதம் அந்நாட்டு அரசு தன் விதிமுறையைத் திருத்தி, மரபுவழி இனத்தையும் நிறவழி இனத்தையும் ஒரே வினாவாக இணைத்தது. விரும்புவோர் பல பெட்டிகளைக் குறிக்கலாம் என்பதால் இது எளிது என்பர் ஆதரிப்போர். ‘இலத்தீனியர்’ என்பதும் ‘கறுப்பினத்தவர்’ என்பதும் ஒரே வரிசையில் மாற்றுகளைப்போல் நின்றால், இரண்டும் ஆகிய ஒருவர் ஒன்றை மட்டும் குறித்து மறைந்துபோவார் என ஆப்பிரிக்க-இலத்தீனிய ஆய்வாளர் பலர் எதிர்த்தனர். வேலைவாய்ப்பிலும் வீட்டுவசதியிலும் நிலவும் பாகுபாட்டை அளப்பதற்கு இவ்வெண்களே அடிப்படை. எண்ணில் மறைபவரின் இழப்பும் கணக்கில் மறையும். லூயிக்கும் பீரிக்கும் நேர்ந்த வேறுபாட்டை ‘இலத்தீனியர் இருவர்’ என்னும் பதிவு காட்டாது.

மிரியம் ஹிமேனெஸ் ரோமான், ஹுவான் ஃபுளோரெஸ் ஆகியோர் 2010இல் தொகுத்த ஆப்பிரிக்க-இலத்தீனிய வாசிப்பு நூல் இத்துறைக்கு ஓர் அடிக்கல்லாகும். டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் 1903இல் முன்வைத்த ‘இரட்டை உணர்வு’ என்னும் கருத்தை விரித்து, இவர்கள் ‘மும்மை உணர்வு’ பற்றிப் பேசினர். தம்மைப் பிறர் எத்தனைக் கண்களால் காண்கின்றனர் என்பதை விளக்க இக்கருத்து பெரிதும் உதவும். ஆனால் காண்போர் மூவகையினர் என்பதால் காணப்படுபவர் மூன்று கூறாகிவிட்டார் எனக் கொள்ளலாகாது. இவ்வேறுபாட்டைப் பேணுவது திறனாய்வாளரின் கடமை.

முடிவுரை

ஷோம்பர்க்கின் தேடல், கொலோனின் தயக்கம், பீரியின் சினம், அசெவேடோவின் தெளிவு ஆகியவற்றை வரிசைப்படுத்தி நோக்கும்போது, நடுவில் நிற்றல் என்னும் உருவகம் இவற்றுள் எதையும் விளக்கவில்லை என்பது புலனாகின்றது. இரு கரைகளுக்கு நடுவில் ஒருவரை நிறுத்துவதற்கு, அக்கரைகள் தனித்தனியானவை என்பதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்க-இலத்தீனியர் மறுப்பது அதனைத்தான்.

இந்நூல்களை வகுப்பறையில் அறிமுகப்படுத்தும் ஆசிரியர், இப்பாத்திரத்தின் அடையாளச் சிக்கலை விளக்குக என வினவுவதற்கு மாறாக, இப்பாத்திரத்தை யார் காண்கின்றனர், எதைக் காண மறுக்கின்றனர் என வினவலாம். முன்னைய வினா மாணவரைப் பாத்திரத்தின்மீது இரக்கம்கொள்ளச் செய்யும். பின்னைய வினா, மாணவர் தம் பார்வையையே ஆராயத் தூண்டும். ஓர் இலக்கியத்திலிருந்து நாம் பெறத்தக்க பயன் அதனினும் பெரிது வேறில்லை.